பழகுவது பெட்டியா, காதா?



இந்த வாரம் ஒலிபெருக்கிகளைக் குறித்து எழுதுகிறேன். ஆலயத்தில் இருப்பவற்றைக் குறித்து அல்ல. வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று சிலர் பெருவிலை கொடுத்து வாங்கி வைக்கும் பெட்டிகளைக் குறித்து. இது போதகர் எழுத வேண்டிய பொருளா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். சற்றுப் பொறுத்து வாசியுங்கள்.

நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர், வெளியூரில் பல ஆண்டுகள் உழைத்துக் கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பியவர், அண்மையில் ஒரு ஜோடிப் பெட்டிகள் வாங்கினார். விலையை எழுதமாட்டேன். அந்தப் பணத்தில் இரண்டு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்பது மட்டும் போதும். அவரைச் சந்திக்க ஒரு பிற்பகல் சென்றேன். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஓயாத மழைபோல் ஓர் இரைச்சல். அவருடைய தாயார் வெளியே திண்ணையில், முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மகன் இல்லையா அம்மா?" என்றேன்.

"டவுனுக்குப் போயிருக்கான் ஐயா. உள்ள பொட்டி பழவுது. சத்தம் தாங்கல, வெளிய வந்துட்டேன்."

பெட்டி பழகுகிறது! வாலிபர்கள் 'பர்ன்-இன்' என்றும் 'பிரேக்-இன்' என்றும் சொல்வது இதைத்தான். புதிய ஒலிபெருக்கி முதல் நாளிலேயே தன் முழு இனிமையைக் கொடுக்காதாம். இருநூறு மணி நேரம் ஓடினால்தான் அது திறந்துகொள்ளுமாம். விற்றவர் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆகவே மகன் ஆளில்லாத கூடத்தில் இரவும் பகலும் இரைச்சலை ஓடவிட்டிருந்தார். மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் நடந்துவந்த கூடம் அது.

இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா எழுதுங்க ஐயா, நானும் பதில் எழுதுவேன்" என்றார். எழுதட்டும். நான் இன்று எழுத வேண்டிய அவசரம் வேறு: சபையின் இன்னொரு தம்பி, இவர் சொன்னதை அப்படியே நம்பி, அதே பெட்டிகளைத் தவணை முறையில் வாங்க முன்பணம் கட்டியிருக்கிறார்.

நல்ல பெட்டி வாங்குவது பாவம் என்று நான் போதிக்கவில்லை. இசையைக் கொடுத்தவரே அதைக் கேட்கும் செவியையும் கொடுத்தார். நன்கு வடிவமைத்த பெட்டிக்கும் மட்டமான பெட்டிக்கும் உள்ள வேறுபாடு மெய்யானது. கொல்கத்தாவில் சோனோடைன், கொச்சியில் ரீதம் என்று நம் நாட்டிலும் இக்கலையில் தேர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். என் வழக்கு பெட்டியோடு அல்ல. அதைச் சுற்றி எழுப்பப்பட்டிருக்கும் உபதேசத்தோடு.

அந்த உபதேசத்தில் ஒரு துளி உண்மை இருப்பதையும் மறைக்கமாட்டேன். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் வெளியிட்ட அமைப்புதான் நூறாண்டு கடந்தும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளில் இருக்கிறது. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள், அதனோடு ஒட்டிய ஒரு கூம்பு. சுருளில் மின்னோட்டம் மாற மாறக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. கூம்பின் கழுத்தைத் தாங்குவது பிசின் ஏற்றிய மடிப்புத் துணி வளையம். தொழில் தெரிந்தவர்கள் அதை ஸ்பைடர் என்பார்கள். விளிம்பில் ரப்பர் வளையம் ஒன்று உண்டு. புதுத் துணியின் விறைப்பு அசைய அசையத் தளர்வது உண்மை. கஞ்சி போட்ட வேட்டி உடுத்த சற்று நேரத்தில் முறுகல் இழப்பதுபோல இதுவும் தளர்கிறது. கூம்பின் இயல்பான அதிர்வெண் சற்று இறங்குகிறது. கருவி வைத்து அளக்கலாம்.

ஆனால் கஞ்சி வேட்டி தளர்வதற்கு இருநூறு மணி நேரம் ஆவதில்லை. அந்தத் தளர்ச்சியின் பெரும்பகுதி, கூம்பு பலமாக அசையத் தொடங்கிய சற்று நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதுவும் வெளிவரும் ஒலியை அதிகம் மாற்றுவதில்லை. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இலும், அவரைப் பின்தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும், ஒலிபெருக்கியையும் அதன் பெட்டியையும் ஒரே அமைப்பாகக் கணக்கிடும் முறையைக் கொடுத்தார்கள். துணி தளரும்போது ஓர் அளவு இறங்கினால் மற்றோர் அளவு ஏறி அதை ஏறக்குறைய ஈடுசெய்கிறது என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. மூடிய பெட்டியானால் பேச்சே இல்லை. எட்கர் வில்சர் என்பவர் 1954-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அவ்வகைப் பெட்டியில், கூம்பைத் திரும்ப இழுக்கும் வில்லாகப் பெரும்பாலும் வேலை செய்வது உள்ளே அடைபட்ட காற்று. காற்று யாரிடம் பழக வேண்டும்?

இன்னொன்றும் கேளுங்கள். ரப்பரும் துணியும் குளிரில் விறைக்கும், வெப்பத்தில் இளகும். நம் ஊர் மார்கழி விடியலுக்கும் அக்கினி நட்சத்திர நண்பகலுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு மார்கழியிலும் பெட்டியை மறுபடி பழக்க வேண்டும் என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. இவர்கள் செப்புக் கம்பிக்கும் பழக்கம் வேண்டும் என்கிறார்களே, அதைக் குறித்து நான் எழுதப்போவதில்லை. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத கம்பி எதைப் பழகும்?

"ஆனால் எங்கள் காதால் கேட்டோமே, ஐயா! முதல் நாள் கூச்சலாக இருந்தது, இப்போது தேனாக இருக்கிறதே!"

கேட்டிருப்பீர்கள். அதை நான் பொய் என்று சொல்லவில்லை. நானும் கேட்டவன். 1990-களின் தொடக்கத்தில் சென்னையில் இறையியல் பயின்றபோது, ரிச்சி தெருவில் இரண்டு எட்டு அங்குல ஒலிபெருக்கிகள் வாங்கி, ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து விடுதி அறையில் வைத்தேன். முதல் வாரம் ஒலி மெலிந்து, நடுவே ஓட்டை விழுந்ததுபோல் இருந்தது. "புதுசு, பழகட்டும்" என்றேன். மாதங்கள் சென்றன. வருகிற நண்பர்களிடமெல்லாம், "கேட்டாயா, இப்போது எப்படி இறங்கி ஒலிக்கிறது!" என்று பெருமை பேசினேன். அவர்களும் ஆமோதித்தார்கள். ஆறாம் மாதம், மின்பொருள்கள் பழுதுபார்க்கும் ஒருவர் வேறு வேலையாக அறைக்கு வந்தவர், சற்று நின்று கேட்டார். பெட்டியின் பின்புறம் குனிந்து ஒரு பெட்டியின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பூட்டினார். அறை அதிர்ந்தது. நான் அதை இணைக்கும்போதே கம்பியை மாற்றிப் பூட்டியிருந்தேன். ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போய், கீழ்ஸ்தாயி முழுவதையும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. ஆறு மாதங்களாக அந்தப் பிழை அப்படியேதான் இருந்தது. மணிக்கு மணி மேம்பட்டதாக நான் கேட்ட ஒலி, என் காதுக்குள் மட்டுமே மேம்பட்டிருந்தது.

இது எனக்கு மட்டும் நேர்ந்த மதியீனம் அல்ல. தாமஸ் எடிசனின் நிறுவனம் 1915 முதல் அமெரிக்க நகரங்களில் ஒரு காட்சி நடத்தியது. பாடகி மேடையில் நின்று பாடுவார். அருகே அவர் குரலைப் பதிந்த இசைத்தட்டு சுழலும். இடையில் அவர் வாயை மூடிக்கொள்வார். எது மனிதக் குரல், எது தட்டு என்று பிரித்தறிய முடியவில்லை என்று கூட்டத்தார் வியந்தார்கள். மின்சார ஒலிப்பதிவே வராத காலத்துத் தட்டு அது. இன்று கேட்டால் தகரத்தில் ஆணி கீறுவதுபோல் இருக்கும். அந்தப் பாடகியரில் ஒருவரான அன்னா கேஸ், கருவியின் குரலுக்கு ஒத்துப்போகும்படி தம் குரலை அடக்கிப் பாடியதாகப் பிற்காலத்தில் சொன்னார். கூட்டத்தார் பொய் சொல்லவில்லை. எதைக் கேட்கப்போகிறோம் என்று சொல்லி அமர்த்தப்பட்டார்களோ, அதையே கேட்டார்கள்.

1994-இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் இரு ஆய்வாளர்கள் இதை இன்னும் கறாராகச் சோதித்தார்கள். ஹார்மன் என்னும் ஒலிக்கருவி நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேரை அமர்த்தி, நான்கு ஒலிபெருக்கிகளை முதலில் திரைக்குப் பின்னும், பிறகு கண் முன்னும் வைத்து மதிப்பிடச் சொன்னார்கள். திரை விலகியதும் மதிப்பெண்கள் மாறின. திரைக்குப் பின் நன்றாக ஒலித்த, சிறியதும் விலை குறைந்ததுமான ஒன்று, கண்ணுக்குத் தெரிந்தவுடன் கீழே போயிற்று. பெரிய, அழகிய பெட்டிகள் ஏறின. இத்தனைக்கும் மதிப்பிட்டவர்கள் ஒலித்தொழிலிலேயே இருந்தவர்கள். நம் கூடத்தில் நாற்காலி போட்டு, கடன் தவணையை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற காது அவர்கள் காதைவிட நேர்மையானதா?

காது பழகுகிறது என்பதே உண்மை. புது ஊருக்குப் போனால் முதல் இரவு ரயிலோசையில் தூக்கம் வராது. பத்தாம் இரவு ரயில் போனதே தெரியாது. ரயில் மென்மையாகிவிட்டதா?

விற்பவருக்கு இந்த உபதேசம் எவ்வளவு வசதி என்பதையும் கணக்கிடுங்கள். பிடிக்காவிட்டால் 15 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று சகோதரருடைய ரசீதில் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர் நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்டால் 15 நாட்களில் 30 மணி நேரம்தான் ஆகும். இருநூறு மணி நேரம் நிறைய நூறு நாட்கள் வேண்டும். பிடிக்கவில்லை என்று சொல்லத் துணியும் நாளில் திருப்பும் உரிமை போயிருக்கும். அதற்குள் காதும் பழகியிருக்கும். வேறெந்தப் பொருளை இப்படி விற்க முடியும்? "இந்தச் சோறு இன்று ஊசியிருக்கிறது, நூறு நாள் சாப்பிட்டால் ருசிக்கும்" என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் நாம் சும்மா விடுவோமா?

இனி, போதகனாகிய நான் ஏன் இதில் தலையிடுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

அவர்கள் பேசும் மொழியைக் கவனித்தீர்களா? 'பொறுமையாயிரு. நம்பு. உன் செவி இன்னும் திறக்கவில்லை. திறந்தவர்களுக்குக் கேட்கிறது.' இவை எங்கள் சொற்கள். பிரசங்க பீடத்திலிருந்து காணப்படாதவரைக் குறித்துப் பேசும்போது நடுக்கத்தோடு நாங்கள் பயன்படுத்தும் சொற்கள். அவற்றை ஒரு மரப்பெட்டிக்குச் செலவிடுவதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை. மேம்பாடு கேட்டால் உபதேசம் மெய். கேட்காவிட்டால் இன்னும் மணிகள் போதவில்லை, அல்லது உன் காது போதவில்லை. எந்த நிலையிலும் தோற்காதபடி அமைத்த வாக்கு அது.

இதே வாக்கை வேறிடத்தில் கேட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு, ஊர் ஊராக வரும் சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போன நம் சபைத் தாயார் ஒருவரிடம், சர்க்கரை நோய் நீங்கிவிட்டது, மாத்திரையை நிறுத்துங்கள் என்றார்கள். நிறுத்தினார். சோர்வு வந்தபோது, விசுவாசம் இன்னும் நிறைவாகவில்லை, காத்திருங்கள் என்றார்கள். காலில் புண் வந்தபோதும் அதே பதில். இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். மருத்துவமனைக் கட்டிலருகே நின்றபோது, இப்படி ஒரு வாக்கைச் சோதித்துப் பார்க்க என் மக்களுக்கு நான் ஏன் கற்றுத்தரவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். ஒரு சிறிய காரியத்தில், பாட்டுப் பெட்டியில், சோதிக்காமல் நம்பப் பழகுகிறவன் பெரிய காரியத்தில் எப்படி விழித்துக்கொள்வான்? ஒலிபெருக்கியும் சர்க்கரை நோயும் ஒன்றா என்று கேட்காதீர்கள். நோய் வேறு, பெட்டி வேறு. இரண்டையும் விற்ற வாய்மொழி ஒன்றே.

சோதிப்பது அவிசுவாசம் என்பார் சிலர். கிதியோனை நினைத்துப் பாருங்கள். களத்தில் ஆட்டுத்தோலை விரித்து, தோல் மட்டும் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்டான். அப்படியே ஆயிற்று. அதோடு விட்டானா? தோல் இயல்பாகவே ஈரத்தை இழுத்திருக்கலாம் அல்லவா? ஆகவே மறுநாள் மாற்றிக் கேட்டான்: தோல் காய்ந்திருக்க, தரை நனையட்டும். எந்த ஆய்வுக்கூடத்திலும் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான். தானியேலும் நண்பர்களும் பத்து நாள் மரக்கறி மட்டும் புசித்து, ராஜபோஜனம் உண்ட வாலிபரின் முகங்களோடு தங்கள் முகங்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஒப்பிட மறு கூட்டம் ஒன்று இருந்தது, காலவரையறையும் இருந்தது. 'இன்னும் நூறு நாள் பொறுங்கள்' என்று அவர்கள் கேட்கவில்லை.

"அப்படியானால் உங்கள் பிரசங்கத்தையும் சோதிக்கலாமா, ஐயா?" என்று வாலிபர் கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டாள். சோதிக்கத்தான் வேண்டும். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்கள். வேதம் அவர்களைப் பாராட்டுகிறதேயன்றிக் கண்டிக்கவில்லை. பவுலுக்கே அந்த மரியாதை என்றால் எனக்கும் ஒலிபெருக்கி வியாபாரிக்கும் அதற்கு மேல் என்ன?

இரவெல்லாம் ஓடிய அந்த இரைச்சலைப் பற்றியும் ஒரு சொல். அடுத்த வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை படிக்கிறாள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பாக 45 டெசிபெல் என்று வகுத்திருக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் உள்ள ஒரு பெந்தெகொஸ்தே சபையின் வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஜனமே மேல்முறையீட்டாளராய் நின்று கேட்ட தீர்ப்பு அது. ஜெபத்துக்கே இல்லாத சலுகை இரைச்சலுக்கு உண்டா?

மெய்யாகவே நல்ல ஒலி வேண்டுமானால் ஓர் ஆலோசனை சொல்கிறேன். அந்தக் கூடத்தின் நடுவே நின்று கைதட்டினேன். ஓசை சுவருக்குச் சுவர் ஓடிற்று. சிமெண்டுச் சுவர், வழுவழுப்பான தரை, கான்கிரீட் கூரை. அந்த அறையில் எந்த விலைப் பெட்டியும் குழம்பித்தான் ஒலிக்கும். ஒரு பவானி ஜமக்காளத்தைத் தரையில் விரியுங்கள். சுவரோரம் புத்தக அலமாரியும் துணி மெத்தையும் வையுங்கள். பெட்டியை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்துங்கள். இருநூறு மணி நேர இரைச்சல் கொடுக்காத மாற்றத்தை ஒரு பிற்பகலில் கேட்பீர்கள். நம் ஆலயத்துக்கும் இதுவே மருந்து என்று மூன்று ஆண்டுகளாக நிர்வாகக் குழுவில் சொல்லிவருகிறேன். பின் வரிசை மூதாட்டிகளுக்குப் பிரசங்கம் புரியாததற்குக் காரணம் ஒலிபெருக்கியின் சக்திக் குறைவு அல்ல, எதிரொலி. இன்னும் பெரிய பெட்டி வாங்கலாம் என்றே ஒவ்வொரு முறையும் தீர்மானம் வருகிறது. ஆனால் இது வேறு சண்டை.

சகோதரரிடம் நான் வைத்த வேண்டுகோள் எளியது. தம்பிக்குப் புதுப் பெட்டிகள் வரட்டும். அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த புதியது ஒன்றையும், இருநூறு மணி நேரம் பழகிய இவருடையது ஒன்றையும் அருகருகே வைப்போம். முன்னே போர்வை கட்டுவோம். ஒரே பாட்டு, ஒரே சத்தம். நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் இது, பூ விழுந்தால் அது என்று 16 முறை மாற்றுவோம். எது பழகியது என்று இவர் எழுதிக்கொண்டே வரட்டும். 14 முறை சரியாகச் சொன்னால் என் தோல்வியை இதே இடத்தில் எழுதுவேன். அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்தும் சொல்வேன். சொல்ல முடியாவிட்டால், தம்பி அந்த 15 நாட்களுக்குள் தன் காதுக்குப் பிடித்ததா என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கட்டும்.

முதலில் அவர் மறுத்தார். "சோதிச்சா ரசனை போயிடும் ஐயா" என்றார். சோதனையைத் தாங்காத ரசனையைத் தவணையில் வாங்கத் தம்பியை ஏன் அழைக்கிறாய் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போனார். புதன்கிழமை இரவு தொலைபேசியில், "சரிங்க ஐயா, ரெண்டாவது வெள்ளிக்கிழமை, ஜெபக்கூட்டம் முடிஞ்சதும்" என்றார்.

ஜெபக்கூட்டம் அந்தக் கூடத்திலேயே நடக்கும். போர்வையை நான் கொண்டுவருகிறேன். நாணயம் சுண்டும் பொறுப்பை அவருடைய தாயாரிடம் கொடுத்திருக்கிறோம். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் தாம் திண்ணைக்குப் போகமாட்டாராம்.